வாடகை கட்ட முடியாத மாதம்: அட்வான்ஸில் கழிப்பதா, பாதி கட்டுவதா, காலி செய்வதா?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதம் ஆனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகிற வீடுகளில் இந்தச் செய்தி வேறு மாதிரி ஒலிக்கும். ஆர்டர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் நிற்கும், அடுத்து வாரத்தில் வேலை நாள் குறையும், அதற்கப்புறம் 'கூப்பிடும்போது வாங்க' என்பார்கள். 2020 ஊரடங்கில் இதே அடி வேலூர் தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கம் விழுந்தது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளிமாநில நோயாளிகளை நம்பி ரூம் கட்டியவர்களுக்கு வருமானமே இல்லை. அங்கே மாட்டியவர்கள் வீட்டுக்காரர்கள்.

வருமானம் நின்றால் அரிசி ரேஷனில் வந்துவிடும். வாடகைதான் ஐந்தாம் தேதி வந்து வாசலில் நிற்கும். அப்போது இரு தரப்புக்கும் இருக்கும் வழிகள் ஐந்தாறுதான். எது நல்லது என்பது யார் நல்லவர் என்பதைப் பொறுத்ததல்ல. முடை எத்தனை மாதம் நீடிக்கும் என்பதைப் பொறுத்தது. ஆகவே முதலில் அதை ஊகித்துக்கொள்ளுங்கள். ஒரு ஆர்டர் தள்ளிப்போனதா, லைனையே மூடுகிறார்களா? சூப்பர்வைசரிடம் கேட்பதைவிட, கம்பெனி பஸ் எத்தனை ட்ரிப் ஓடுகிறது, கட்டிங் பிரிவுக்குத் தோல் வருகிறதா என்று பார்த்தால் உண்மை தெரியும். கட்டிங் நின்றால் அடுத்துத் தையலும் நிற்கும்.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சத்துவாச்சாரியில் ஒரு போர்ஷன், வாடகை 6,000, அட்வான்ஸ் 40,000. இருவர் சம்பாதித்தார்கள், ஒருவர் சம்பளம் நின்றுவிட்டது.

அட்வான்ஸில் கழிப்பது

எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது இதுதான்: "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கம்மா." யாருக்கும் அன்றைக்கு வலிக்காது. அதனால்தான் இது ஆபத்து. நான்கு மாதம் கழித்தால் 24,000 போய் 16,000 மிஞ்சும். காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம், அது போக மிச்சம் 10,000. கரண்ட் பில் பாக்கி, உடைந்த குழாய் என்று போக எட்டோ ஒன்பதோ கையில் வரும். அடுத்த வீட்டுக்காரர் கேட்பது அதே 40,000. வேலையும் இல்லாமல், வீடும் மாற முடியாமல், கந்து வட்டிக்காரரிடம் போய் நிற்கும் குடும்பங்களில் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

வீட்டுக்காரருக்கும் இது லாபமில்லை. அட்வான்ஸ் பணத்தை யாரும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. மாடி கட்டியிருப்பார், பெண் கல்யாணத்துக்குச் செலவழித்திருப்பார். கழிக்கிற மாதங்களில் அவர் கைக்கு ஒரு ரூபாய்கூட வராது. வங்கித் தவணை மட்டும் போய்க்கொண்டிருக்கும். அட்வான்ஸ் கரைந்தபின் அவருக்குப் பிடிமானமும் இல்லை.

இது பொருந்தும் ஒரே இடம், காலி செய்வது உறுதியான பிறகு கடைசி ஒன்றிரண்டு மாதங்களுக்கு. அட்வான்ஸ் எப்படியும் திரும்பி வர வேண்டிய பணம். அப்போது கழித்துக்கொள்வது இருவருக்கும் சௌகரியம்.

பாதி கட்டி, மீதியைத் தவணையாக்குவது

மூன்று மாதத்துக்குள் நிலைமை சீராகும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை என்பது எங்கள் முடிவு. மூன்று மாதம் 3,000 வீதம் கட்டினால் பாக்கி 9,000. நான்காம் மாதத்திலிருந்து ஆறு மாதம் 1,500 சேர்த்து 7,500 கட்டுவது. வீட்டுக்காரருக்கு ஏதோ வருகிறது, அட்வான்ஸ் அப்படியே இருக்கிறது, குடியிருப்பவர் மீது முழுப் பாரமும் ஒரே நாளில் விழவில்லை. பாக்கியை மூன்றே மாதத்தில் அடைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதம் 9,000 என்று ஆகிவிடும்; முதல் தவணையே தவறும், தவறியபின் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் பணத்தால் அல்ல, குறிப்பு இல்லாததால். ஜிபேயில் 3,000 அனுப்பிவிட்டு ஒன்றும் எழுதாமல் விட்டால், அது எந்த மாதத்துக்கு என்று ஆறு மாதம் கழித்து இருவர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். குறிப்பு இடத்தில் 'அக்டோபர் வாடகை பாதி' என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

இரண்டு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள இவ்வளவு போதும்:

'மாத வாடகை ரூ.6,000 மாறவில்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு மட்டும் ரூ.3,000 வீதம் பெற ஒப்புக்கொள்கிறேன். மீதி ரூ.9,000, ஜனவரி முதல் ஜூன் வரை மாதம் ரூ.1,500 வீதம் வாடகையுடன் சேர்த்துத் தரப்படும். இதற்கு வட்டி இல்லை. அட்வான்ஸ் ரூ.40,000 முழுமையாக இருப்பில் உள்ளது.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி அதைப் பற்றித்தான்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். ஐந்தாம் தேதிக்கு முன்பே போக வேண்டும். "பாய், கம்பெனில வாரம் மூணு நாள்தான் வேலை. இந்த மாசம் பாதி தர்றேன், மீதிக்கு எழுதியே குடுத்துடறேன்" என்று கையில் 3,000-உடன் போய் நிற்பவரும், பத்தாம் தேதி வரை போனை எடுக்காமல் இருப்பவரும் கேட்பது ஒன்றேதான். கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

வாடகையைக் குறைப்பது

நான்கு மாதத்துக்கு 6,000-ஐ 4,500 ஆக்கினால் வீட்டுக்காரருக்கு நஷ்டம் 6,000. அதாவது வீடு ஒரே ஒரு மாதம் காலியாகக் கிடப்பதற்குச் சமம். இந்தக் கணக்கை வீட்டுக்காரர்கள் போட்டுப் பார்ப்பதே இல்லை. அதுவும் ஆனி முடிவில் ஆளைக் காலி செய்யச் சொன்னால் ஆடியில் யார் பால் காய்ச்ச வருவார்கள்? மார்கழியும் அப்படியே, புரட்டாசியும் பலருக்கு ஆகாது. நல்ல குடித்தனம், நான்கு வருடமாக ஒழுங்காகக் கட்டியவர் என்றால் குறைத்து வைத்துக்கொள்வதுதான் லாபம்.

இடத்துக்கு இடம் இது மாறும். காட்பாடியில் வி.ஐ.டி. பக்கம் கல்லூரி திறக்கும் சமயத்தில் வீடு ஒரு வாரம்கூடக் காலியாக இருக்காது. அங்கே குறைக்கச் சொல்லிக் கேட்பதில் பலமில்லை. ஷூ கம்பெனிகளையே நம்பிய தெருக்களில் நிலைமை தலைகீழ். ஒருவருக்கு வேலை போனால் தெருவுக்கே போயிருக்கும், புதிதாக வருபவரும் அதே 6,000-ஐக் கொடுக்க முடியாது.

குறைத்தால் அப்படியே நிலைத்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. 'வாடகை ரூ.6,000, ஜனவரி வரை மாதம் ரூ.1,500 தற்காலிகச் சலுகை' என்று முடியும் மாதத்தோடு எழுதினால் போதும். ஒரே பென்ஷனில் அல்லது அந்த ஒரு வாடகையில் குடும்பம் ஓட்டும் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்காதீர்கள். அங்கே தவணைதான் முறை.

கடன் வாங்கி வாடகை கட்டுவது

மூன்று மாத வாடகை 18,000 என்று வையுங்கள். வங்கியில் நகைக் கடன் ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் மாத வட்டி 150 ரூபாய். அடகுக் கடையில் இரண்டு வட்டி என்றால் 360. கைமாற்றாக மூன்று வட்டிக்கு வாங்கினால் 540. தண்டலில் 10,000 எழுதி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள், நாளுக்கு 100 வீதம் 100 நாள். வருமானம் நின்ற வீட்டில் தினமும் 100 ரூபாய்க்கு எங்கே போவது? தண்டல் எடுத்து வாடகை கட்டுவது எந்த நிலையிலும் வேண்டாம். அதைவிட வீட்டுக்காரரிடம் பாக்கி சொல்வது எவ்வளவோ மேல். மிரட்டி வசூலிக்கும் கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது.

வங்கியில் வைக்க ஒன்றிரண்டு பவுன் இருந்து, சம்பளம் திரும்பும் மாதமும் தெரிந்தால் நகைக் கடன் சரி. அதற்கு முன் வர வேண்டியதை வாங்குங்கள். வேலை இழந்தவர் பி.எஃப். இருப்பில் 75 சதவீதம்வரை எடுக்கலாம். ஆதாரில் உள்ள பெயரும் கம்பெனிப் பதிவில் உள்ள பெயரும் இனிஷியல்கூட மாறாமல் இருக்க வேண்டும், விண்ணப்பங்கள் திரும்புவது பெரும்பாலும் அதில்தான். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில் ஓராண்டு வேலை செய்தவருக்கு லே-ஆஃப் நாட்களுக்கு, அதாவது வேலை இல்லை என்று கம்பெனி தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நாட்களுக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி உண்டு. பீடி சுற்றுபவருக்கும் தினக்கூலிக்கும் இது எட்டாது.

லீசுக்கு மாற்றுவது

சில வீட்டுக்காரர்கள் பணமுடையில் "மூணு லட்சம் குடுத்துட்டு வாடகையே இல்லாம இருங்க" என்பார்கள். சம்பளம் நின்றவர் மூன்று லட்சத்தைப் புரட்டினால் அது அவருடைய கடைசிக் கையிருப்பாகத்தான் இருக்கும். வீட்டின் மீது வங்கிக் கடன் இருந்து, தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகும், பிறகு வங்கி வீட்டையே எடுக்கலாம். முத்திரைத் தாளில் எழுதிய இந்த லீசு ஒப்பந்தம் (போக்கியம்) அப்போது காப்பாற்றாது. வில்லங்கச் சான்றில் 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு ஆவணம்' என்று, அதாவது வீட்டுப் பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக வங்கியில் வைத்ததாக, ஒரு பதிவு கண்ணில் பட்டால் அந்த வீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

காலி செய்வது

ஆறு மாதத்துக்கு வழியில்லை என்று தெரிந்தால் முதல் மாதமே கிளம்புவது நல்லது. நாற்பதாயிரம் முழுதாக இருக்கும்போது காலி செய்பவர் கையில் முப்பதுக்கு மேல் தேறும்; நான்கு மாதம் கழித்தவருக்கு என்ன தேறியது என்று மேலே பார்த்தோம். ஷூ கம்பெனி பஸ் கிராமங்களுக்கும் போகிறது. பஸ் வரும் ஊரிலேயே 2,500, 3,000 வாடகைக்கு வீடு பார்த்தால் வேலை திரும்பினாலும் போக்குவரத்துச் செலவு கூடாது. குட்டியானை வண்டிக் கூலி, ரேஷன் கார்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளி ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்வி ஆண்டு முடிய ஒன்றிரண்டு மாதமே இருந்தால் அதுவரை பாதி வாடகை பேசுவது முறை.

சட்டம் எங்கே நிற்கிறது

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் அந்த அதிகாரி. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கியானால் வெளியேற்றக் கேட்க அது ஒரு காரணம். ஆனால் கேட்பு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் நிற்காது. அதனால்தான் இரண்டாம் மாத வாடகை தவறுவதற்கு முன்பே எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்கிறோம். 2020 மார்ச் 29-ல் தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை உத்தரவிட்டது பேரிடர்ச் சட்டத்தில். சாதாரணக் காலத்தில் அதைக் காட்ட முடியாது.

பாக்கிக்காக மோட்டாரைப் போடாமல் விடுவதும், ஃப்யூஸைப் பிடுங்குவதும், வெளிப்பூட்டுப் போடுவதும் வீட்டுக்காரரையே சட்டத்தை மீறியவர் ஆக்கும். வாடகையை வாங்க மறுத்துக் கணக்கைப் பாக்கியாகக் காட்டப் பார்த்தால், வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்தில் வழி உண்டு.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. குடித்தனக்காரர் பாதிதான் தருவார் என்று தெரிந்த வாரமே வங்கிக் கிளைக்குப் போய்த் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். இரண்டு தவணை தவறியபின் போனால் மேனேஜருக்கே கைகட்டு. 2020-ல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது, ஆனால் அந்த மாதங்களின் வட்டி அசலோடு ஏறியது. தள்ளிவைப்பதற்கு முன் எவ்வளவு கூடும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காலி செய்கிற நாளில் மீட்டர் ரீடிங்கை இருவரும் நின்று போட்டோ எடுங்கள். இரண்டு மாத பில் பின்னால் வரும் என்பதால், அன்றைய ரீடிங் இல்லாவிட்டால் அடுத்தவர் ஓட்டிய ஏ.சி.க்கும் பழையவர் அட்வான்ஸில் பிடித்துவிடுவார்கள். சாவியைக் கொடுக்கும்போதே மீதி அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று வீட்டுக்காரர் போனிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தியாக வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள்.