மலைநாட்டு வீட்டில் சைக்கிள் வேலை மேசை: மரமா, இரும்பா, மடக்குப் பலகையா?

2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மூலையில் கிடந்த சைக்கிள்களை நாடு முழுக்கத் தூசி தட்டி வெளியே எடுத்தார்கள். வரிசைகள் போய்விட்டன, சைக்கிள் பல வீடுகளில் தங்கிவிட்டது. ஆனால் திருத்தும் கடை எல்லா ஊரிலும் இல்லை. தோட்டத்தில் இருப்பவர் பின்சக்கரத்து அச்சிலுள்ள கோன் நட்டை இறுக்குவதற்குக்கூட ஏற்றத்திலும் இறக்கத்திலும் தள்ளிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும். அதனால்தான் வீட்டிலேயே ஒரு வேலை மேசை போட்டுக்கொள்வது நல்லது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். சைக்கிளுக்கு மட்டுமில்லை. ரேடியோ திறக்க, பிள்ளைக்கு ஒரு மரப்பெட்டி செய்ய, அறுந்த வயருக்கு ஈயம் வைக்க எல்லாவற்றுக்கும் அது உதவும்.

எந்த மேசை என்பதுதான் கேள்வி. வீடியோக்களில் காட்டுவதெல்லாம் கார் நிற்கும் அகலமான, காய்ந்த கராஜ். நமக்கு இருப்பது லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை, இல்லாவிட்டால் 7 பேர்ச் அளவான சின்னக் காணியில் கட்டிய வீட்டின் பின்பக்கத் தாழ்வாரம். அதனால் எந்த மேசையைப் பார்த்தாலும் நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். சுத்தியலால் ஓங்கித் தட்டினால் நகருமா? மழைக்காலத்தில் அதன்மேல் வைத்துவிட்டுப் போன ஸ்பேனர் துருப்பிடிக்குமா?

இரண்டாவது கேள்வியின் கனம் ஊருக்கு ஊர் மாறும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் அதே மாதங்களில் காற்றும் வெயிலுமாக இருக்கும், மழை ஒக்டோபருக்குப் பிறகுதான் பலமாக வரும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மழையே இல்லாத நாளிலும் இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் காலைப் பனிமூட்டம் பட்டால் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். பண்டாரவளையில் இருப்பவருக்குச் சரிவருகிற மேசை வட்டவளையில் சரிவரும் என்று சொல்ல முடியாது.

மரமும் இரும்பும்

மரமேசையில் எனக்குப் பிடித்தது பலகையின் குணம். கோன், அச்சு, பித்தளைத் திருகாணி எதைப் போட்டாலும் காயம்படாது. போல்ஸ் (அச்சில் உருளும் சிறு இரும்புக் குண்டுகள்) விழுந்தால் துள்ளி ஓடாது. ஈரத்தைக் கொஞ்சம் குடித்துக்கொள்வதால் மேலே வைத்த கருவி நீரில் கிடக்காது. 2 அங்குலத் தடிப்பான மேல்பலகையும் 4 அங்குலச் சதுரக் கால்களும் இருந்தால் பாரமே அதை நிறுத்தி வைக்கும். நீளம் 5 அடி, அகலம் 2 அடி போதும். அகலம் அதற்கு மேல் போனால் பின்பகுதி சாமான் குவிக்கும் இடமாகிவிடும்.

மலைநாட்டில் எளிதாகக் கிடைப்பது யூக்கலிப்டஸும், தேயிலைக்கு நிழல் தருகிற, தோட்டத்தில் சவுக்கு என்று சொல்கிற சில்வர் ஓக்கும். யூக்கலிப்டஸ் பாரமானது, உறுதியானது, ஆனால் பச்சையாக வாங்கினால் காயக் காய முறுக்கும், வெடிக்கும். 2 அங்குலப் பலகை கூரைக்கடியில் காய்வதற்கு இங்கே மாதக்கணக்கு போதாது. அதனால் பழைய கட்டடம் உடைக்கும் இடத்தில் கதவுச் சட்டம், வளை, தரைப்பலகை விலைக்கு வந்தால் அதையே எடுங்கள். பல வருடம் காய்ந்து, முறுக்க வேண்டியதெல்லாம் முறுக்கி முடிந்த மரம் அது. ஆணி மட்டும் பார்த்துப் பிடுங்க வேண்டும். தோட்டத்து மரத்தில் கை வைக்காதீர்கள், அது வேறு வழக்காகிவிடும். மர ஆலையில் பில்லோடு வாங்குவதே நிம்மதி. அழுத்தித் தயாரித்த மரத்தூள் பலகை நமக்கு வேண்டவே வேண்டாம். ஓரம் ஒரு தடவை நனைந்தால் ஊதிவிடும், பிறகு எந்தத் திருகாணியும் அதில் நிற்காது.

மரத்துக்கு எதிரி சீமெந்துத் தரை. காலின் அடிப்பக்கம் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி அங்கிருந்தே உக்கத் தொடங்கும். பழைய டயரை வெட்டி நான்கு காலுக்கும் அடியில் வைத்து ஆணி அடித்துவிட்டால் ஈரமும் ஏறாது, மேசையும் வழுக்காது.

இரும்பு மேசையை வெல்டிங் கடையில் ஒரே நாளில் முடித்துத் தந்துவிடுவார்கள். முறுக்காது, கறையானுக்குப் பயமில்லை, கால் மெலிதாக இருப்பதால் அடியில் இடமும் மிஞ்சும். குறை மேல்தகட்டில். தகடு போட்ட மேசையில் சுத்தியல் பட்டால் வீடே அதிரும், லயத்தில் அடுத்த காம்பராவில் (அறையில்) தூங்குகிற குழந்தையும் எழும்பும். குளிரில் தண்ணீர் கோப்பதும் அந்தத் தகட்டில்தான். ஆகவே இரும்பு என்றால் சட்டம் மட்டும் இரும்பு, மேலே மரப்பலகை. உள்ளே வெறுமையான பொக்ஸ் பாரைவிட L வடிவ ஆங்கிள் அயன்தான் இந்த ஈரத்துக்கு ஏற்றது என்பது என் முடிவு. பொக்ஸ் பாரின் வாய் திறந்திருந்தால் உள்ளே தண்ணீர் தங்கி, வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளுக்குள்ளே அரித்துவிடும். ஆங்கிள் அயனில் துரு கண்ணுக்குத் தெரியும், சுரண்டி ரெட் ஒக்சைட் பெயின்ட் அடித்துவிடலாம்.

வட்டவளை, நுவரெலியா மாதிரி ஈரமான இடம் என்றால் காய்ந்த பழைய மரத்தில் முழு மேசை. நல்ல மரம் கிடைக்காவிட்டால் ஆங்கிள் அயன் சட்டத்தில் மரப்பலகை. பண்டாரவளை, வெலிமடை இருக்கும் ஊவாப் பக்கம் என்றால் இரண்டில் எது மலிவோ அதை எடுக்கலாம்.

மடக்குப் பலகை

10 அடிக்கு 12 அடி காம்பராவில் குடும்பமே இருக்கும்போது 5 அடி மேசைக்கு இடம் கேட்பது நியாயமில்லை. அங்கே சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகைதான் கைகொடுக்கும். வேலை முடிந்ததும் தொங்கவிட்டால் 3 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். டியூப்புக்கு ஒட்டுப்போட, பிரேக் கட்டை மாற்ற, ரேடியோ வேலை பார்க்க இது தாராளமாகப் போதும்.

ஆனால் பழைய லயத்துச் சுவரை நம்பாதீர்கள். பல இடங்களில் கல்லுக்கு இடையே இருக்கும் சாந்து விரலால் சுரண்டினாலே உதிரும். பாரம் முழுவதையும் சுவர் திருகாணியில் விடாமல், முன்பக்கம் இரண்டு காலைக் கீல் வைத்துத் தரைக்கு இறக்குங்கள். அப்படிச் செய்தாலும் ஓங்கித் தட்டும் வேலைக்கு அது உதவாது.

தட்டும் வேலை என்று நான் சொல்வது குறிப்பாகக் கொட்டர் பின்னைத்தான். பெரியவர்கள் ஓட்டிய பழைய 28 அங்குலச் சைக்கிளில் பெடல் தண்டை அச்சோடு பிடித்து நிற்பது அந்த ஆப்பு. நட்டை முழுவதும் கழற்றாமல் பின்னின் நுனிக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்த வேண்டும், அப்போதுதான் மரை நசுங்காது. தண்டுக்கு அடியில், ஆப்பின் தலை உள்ளே போகும் அளவுக்கு ஒரு தடித்த இரும்புக் குழாயை நிறுத்தித் தரையோடு முட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு ஒரே அடி, தயங்காத அடி. மெதுவாகப் பல தடவை தட்டினால் பின் வளையும், முட்டு இல்லாமல் அடித்தால் அடியெல்லாம் அச்சின் போல்ஸுக்குப் போகும். கழற்றிய தண்டைச் சுத்தம் செய்யவும், புதிய பின்னின் சரிவை அரத்தால் ராவவும் அதன் பிறகு அசையாத ஒரு மேசையும் வைஸும் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கவ்வி) வேண்டும்.

உண்மையில் மேசையைவிட வைஸ்தான் முக்கியம். காசு குறைவு என்றால் மேசையில் மிச்சம் பிடியுங்கள், வைஸில் பிடிக்காதீர்கள். 4 அங்குல வாய் போதும். மேசையின் நடுவில் வைக்காமல் ஒரு காலுக்கு நேர் மேலே, அசையாத தாடை மேசை விளிம்புக்குச் சற்று வெளியே நிற்கும்படி போல்ட் போட்டு இறுக்குங்கள். அப்போதுதான் நீளமான குழாயையும் நிமிர்த்திப் பிடிக்கலாம். வாயின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்துக்கு வந்தால் அரம் போடத் தோள் வலிக்காது. தாடைக்கு இரண்டு அலுமினியத் துண்டை வளைத்துப் போட்டுச் சக்கரத்து அச்சை அதில் பிடித்துப் பாருங்கள். கோன் ஆடாமலும் இறுகாமலும் நிற்கும் இடம் விரலுக்கே தெரியும்.

சைக்கிளை எப்படி நிறுத்துவது

தலைகீழாகக் கவிழ்ப்பது செலவில்லாதது. கம்பி பிரேக் வைத்த பழைய சைக்கிளுக்கு மணியைத் திருப்பிவிட்டால் அது நல்ல வழிதான். கியர் உள்ள மலைச் சைக்கிளில் கியர் நெம்பு தரையில் உரசும். ஒயில் டிஸ்க் பிரேக் என்றால் காற்று இடம் மாறிப் பிரேக் பஞ்சுபோல் அமுங்கலாம். இறக்கத்தில் போகிற ஊரில் அதை விளையாட்டாக விடக்கூடாது.

கடையில் விற்கும் மூன்றுகால் ஸ்டாண்ட் அழகானது. ஆனால் அதில் மலிவானது, 20 கிலோவுக்குக் கிட்டவருகிற பழைய சைக்கிளைத் தூக்கினால் மேடுபள்ளமான தரையில் சாயும். ஊர்ச் சைக்கிளெல்லாம் உங்களிடம் வருகிறது என்றால் நல்லதாக ஒன்று வாங்குங்கள். அதிலும் சீற் தண்டில் கவ்வுங்கள், மெல்லிய அலுமினியக் குழாயில் வேண்டாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது இரண்டு கயிறு. கூரையின் நல்ல வளையில் கட்டி ஒன்றைச் சீற்றுக்கு அடியிலும் மற்றதை ஹேண்டில் கழுத்திலும் போடுங்கள். தகரத்தைத் தாங்கும் மெல்லிய சட்டத்தில் கட்டாதீர்கள். ஆடுகிறது என்றால் பின் சட்டத்திலிருந்து மூன்றாவது கயிற்றைச் சுவருக்கு இழுத்துக் கட்டினால் கியர் சரிபார்க்கும் அளவுக்கு நிற்கும். செயின் கண்ணுக்கு நேரே வருவதால் தேய்வையும் அங்கேயே அளக்கலாம். புதுச் செயினில் ஒரு ஆணியின் நடுவிலிருந்து இருபத்துநான்காவது இடைவெளி தாண்டிய ஆணியின் நடுவரை சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலமும் பதினாறில் ஒன்றும் ஆகிவிட்டால் மாற்றுங்கள், பொறுத்தால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். அப்புறம், அந்தச் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. நுவரெலியாக் குளிரில் போத்தலிலேயே உறைகிற எண்ணெய் செயினுக்குள் எப்படி ஓடும்?

கருவியைச் சீமெந்துச் சுவரில் நேரடியாக ஆணி அடித்துத் தொங்கவிடுவதும், மூடிய தகரப் பெட்டியில் வைப்பதும் எனக்கு ஒன்றுதான், இரண்டிலும் துரு வரும். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு அங்குல ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்துக் காற்றுப் போக விட்டு, அந்தப் பலகையில் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். விறகடுப்பு உள்ள வீட்டில் சமையலறையை ஒட்டிய சுவர்தான் வீட்டிலேயே காய்ந்த சுவர். புகைக்கரி படியாத பக்கமாகப் பார்த்து அங்கே இடம் பிடித்தால் பாதிக் கவலை தீரும்.

டிரில் ஓட்டுவதற்கு பல்ப் ஹோல்டரிலிருந்து வயர் இழுக்க வேண்டாம். ஈரத் தரையில் நின்றுகொண்டு 230 வோல்ட்டோடு பழகுகிறோம். மின் கசிந்தால் நிறுத்திவிடும் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, நிலத்துக் கம்பி (எர்த்) உள்ள பிளக்கிலிருந்து மட்டும் எடுங்கள். அப்படி ஒரு பிளக் வீட்டில் இல்லையென்றால் அது வரும்வரை கைத்துளைக் கருவியே போதும். சைக்கிள் வேலையில் துளை போட வேண்டி வருவது மிகக் குறைவு.