நங்கநல்லூர் படுக்கையறையில் என்டி1, 416: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

என் ஸ்டாண்டில் இப்போது நிரந்தரமாக இருப்பவை இரண்டு மைக்குகள். ஒன்று ரோட் என்டி1, கறுப்பு நிற மாடல். இன்னொன்று சென்ஹைசர் எம்கேஹெச் 416. நடுவில் வேறு சிலதும் வந்து போயின, அவற்றையும் சொல்கிறேன். நான் குரல் கொடுப்பவன். விளம்பரம், கார்ப்பரேட் படம், ஆடியோ புத்தகம், வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் 'தமிழுக்கு எண் இரண்டை அழுத்தவும்' என்று ஒரு குரல் வருமே அது, எல்லாம் நங்கநல்லூரில் ஒரு பத்துக்குப் பத்துப் படுக்கையறையிலிருந்துதான் போகின்றன. ஆண் குரல், கொஞ்சம் கனமானது. குரலும் அறையும் வேலையும் வேறாக இருந்தால் கீழே வருவதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைக் பற்றிப் பேசும் முன் அறையைப் பற்றிப் பேசியாக வேண்டும். எங்கள் பகுதியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் கூப்பிடு தூரம். பழவந்தாங்கல் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஹாரன் அடித்தால் ஜன்னல் வரை வரும். ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயில் ஸ்பீக்கர், அது போதாதென்று கூழ் ஊற்றும் அன்று மேளம். இவற்றை எந்த மைக்கும் தடுத்துத் தராது. முன்பக்கத்தைக் கூர்ந்து கேட்கும் கார்டியாய்டு வகை மைக் பின்பக்கச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் விமானத்தின் உறுமல் சுவரையும் கண்ணாடியையும் தாண்டி அறை முழுக்க நிறைந்துவிடும். மைக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்கும். விமானம் போகிறவரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீளமான வேலையை இரவு பத்தரைக்கு மேல் வைத்துக்கொள்வேன். ஆடியில் அவசர வேலை வந்தால் வடபழனிப் பக்கம் ஒரு மணி நேரத்துக்கு ஸ்டுடியோ எடுத்துவிடுவேன்.

நம் கையில் இருப்பது அறைக்குள் எழும் எதிரொலிதான். சந்தையில் கிடைக்கும் முட்டை அட்டை வடிவ மெல்லிய ஃபோமை நான்கு சுவரிலும் ஒட்டிவிட்டு 'ஸ்டுடியோ ரெடி' என்பவர்கள் அதிகம். அது மேல் அலைவரிசைகளை மட்டும் உறிஞ்சும். கீழே உள்ள பேஸ் அப்படியே தங்கும். கைதட்டிப் பார்த்தால் அடங்கிய மாதிரி இருக்கும், பேசினால் டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். என் அறையில் முதலில் மாட்டிக்கொண்ட குற்றவாளி மூலையில் நிற்கும் இரும்பு பீரோ. கீழ்க்குரலில் 'உங்கள் நம்பிக்கைக்கு உரிய' என்று ஆரம்பித்தால் அதன் கதவுக் கைப்பிடி லேசாக ரீங்கரிக்கும். ஹெட்போனில் கேட்கும்வரை அது அங்கேதான் பிறக்கிறது என்று தெரியாது. கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துண்டுத் துணியைச் செருகி, கதவின் மேல் பஞ்சுக் கம்பளியைத் தொங்கவிட்டதும் அடங்கியது. பிறகு 50 மில்லிமீட்டர் ராக்வுல் (பாறைப்பஞ்சு) பலகைகளைத் துணி சுற்றிச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினேன். அறையின் குரலே மாறியது அப்போதுதான்.

சதுர அறையில் ஒரு சங்கடம் உண்டு. பத்து அடிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓர் அலை நின்றுகொள்ளும், அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸில் இன்னொன்று. நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு திசையிலும் அதே எண்கள். ஆண் குரலின் அடித்தளம் சரியாக இந்த 112 பக்கத்தில் உலவுவது. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த அலை உச்சத்தில் இருக்கும், சில எழுத்துகள் மட்டும் 'பொம்' என்று வீங்கும். சுவரிலிருந்து இரண்டரை அடியில் அதே அலை ஏறக்குறைய செத்துப்போகிறது. மைக்கை அங்கே நகர்த்தினேன். செலவு ஒரு பைசா இல்லை, ஆனால் எந்த மைக் மாற்றமும் இவ்வளவு வித்தியாசம் தந்ததில்லை.

சரி, மைக்குக்கு வருவோம். வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது மைக்கின் சொந்த இரைச்சலை, அதாவது யாரும் பேசாதபோதும் மைக் தானாக எழுப்பும் சத்தத்தை; எண் குறைந்தால் நல்லது. என்டி1 இதில் 4.5 டெசிபல், நாய்மன் டிஎல்எம் 103 என்றால் 7, எம்கேஹெச் 416 என்றால் 13, தொடக்கநிலை ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 என்றால் 20. தாளில் பார்த்தால் 416 விலைக்குத் தகுதியில்லாத மாதிரி தெரியும். ஆனால் ஃபேனையும் ஏசியையும் அணைத்து, ஜன்னலைச் சாத்தி, பக்கத்து வீட்டு மோட்டார் ஓடாத நேரம் பார்த்தாலும் சென்னை அடுக்ககத்து அறை 13 டெசிபல் அமைதிக்கு இறங்குவதாவது! அந்த எட்டரை டெசிபல் வித்தியாசத்தை உங்கள் சுவர்கள் சாப்பிட்டுவிடும். அறை நன்றாக அடங்கிய பிறகு, மெல்லப் பேசும் ஆடியோ புத்தகத்தில்தான் என்டி1-இன் அமைதி கொஞ்சம் கேட்கத் தொடங்குகிறது. பத்து நொடி சும்மா பதிவு செய்து இரைச்சல் அளவைப் பாருங்கள். ஆடியோ புத்தகங்களை வெளியிட உதவும் ஆடிபிளின் ஏசிஎக்ஸ் தளம் கேட்பது மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே. குரலின் சராசரி மைனஸ் 23-க்கும் 18-க்கும் இடையில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக்கூடாது. அவர்களுக்கு வேலை செய்யாவிட்டாலும் நான் இதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

என்டி1 என் நீண்ட வாசிப்பு மைக். ஒரு சாண் தூரம், வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், நடுவில், வாயிலிருந்து வெடிக்கும் காற்றைத் தடுக்கும் நைலான் வலையான பாப் ஃபில்டர். மணிக்கணக்கில் படித்தாலும் குரல் ஒரே மாதிரி உட்காரும். தலையைச் சற்று அசைத்தாலும் மன்னித்துவிடும், பக்கம் திருப்பக் குனிந்தால்கூடத் தப்பிக்கலாம். இதன் அண்ணன் என்டி1-ஏ, வெள்ளி நிறத்தது, பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் ட்ரெபிள் தூக்கலாக இருக்கும். தமிழில் அது எங்கே குத்தும் என்றால் 'ஸ்பெஷல் சலுகை', 'சிறந்த சேவை' போன்ற இடங்களில். சொல்லின் தொடக்கத்தில் வரும் ச-வை இன்று பெரும்பாலோர் ஸ என்றே ஒலிக்கிறோம், விளம்பர ஸ்க்ரிப்டில் அது வரிக்கு நான்கு முறை வரும். மைக்கை இருபது முப்பது டிகிரி திருப்பிவைத்தால் கூர்மை நன்றாகவே தணியும். இந்தத் திருப்பலை எந்த மைக்கிலும் செய்யலாம். மென்பொருளில் ஸ-வின் கூர்மையைக் குறைக்கும் டீ-எஸ்ஸர் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

ப-வும் அப்படித்தான். சாதாரணமாகப் பேசும்போது நம் ப மென்மையானது, காற்று அதிகம் வெடிக்காது. ஆனால் 'பொங்கலுக்குப் புத்தம் புதிய பட்டுப் புடவைகள்' என்று டைரக்டர் கேட்கும் உற்சாகத்தில் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு ப-வும் மைக்குக்குள் அதிரும் மெல்லிய சவ்வான டயாஃப்ரத்தில் போய் மோதும். இதற்கும் மருந்து அதே பக்கவாட்டு வைப்புதான்.

416 வேறு இனம். 25 சென்டிமீட்டர் நீளக் குழாய், சினிமா படப்பிடிப்பில் நடிகரின் தலைக்கு மேல் பூம் கம்பில் தொங்குவதற்காகச் செய்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் டிரெய்லர், ப்ரோமோ குரல்காரர்கள் அதை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்தார்கள், அந்த ஒலியே ஒரு பாணியாகிவிட்டது. இப்போது மும்பையிலிருந்து வேலை அனுப்பும் ஏஜென்சிகள் சில 'மைக் என்ன, 416 இருக்கா?' என்று முதல் மெயிலிலேயே கேட்கின்றன. கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பின்னணி இசை எவ்வளவு ஓங்கினாலும் 416-இல் பதிந்த குரல் அதைப் பிளந்துகொண்டு மேலே நிற்கும். முப்பது நொடி விளம்பரத்துக்கு அது வேண்டும். ஆடியோ புத்தகத்தில் அதே கூர்மை அரை மணி நேரத்தில் காதைக் களைக்க வைக்கும், நான் போடுவதில்லை.

அதன் குறுகிய பார்வை பழகச் சில வாரம் பிடிக்கும். ஒரு கை அகலம் நகர்ந்தாலே குரலின் நிறம் மாறும். அப்புறம், 'ஷாட்கன் மைக் (416 போன்ற நீளக் குழாய் மைக்) என்றால் அறைச் சத்தத்தை எடுக்காது' என்ற பேச்சை நம்பி ட்ரீட்மென்ட் இல்லாத அறையில் இதை வைக்காதீர்கள். பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக நுழையும் ஒலியைக் குழாய் தனக்குள்ளேயே கழித்துக்கொள்ளும் உத்தி மேல் அலைவரிசைகளில்தான் வேலை செய்யும். மொட்டைச் சுவர்களுக்கு நடுவே திரும்பி வரும் எதிரொலி அதே ஓட்டைகளில் புகுந்து குரலை ஒரு மாதிரி கோணலாக்கும். அப்படிப்பட்ட அறைக்கு விலை குறைந்த சாதாரண கார்டியாய்டு மைக்கே தேவலை.

416-ஐ நான் விற்காமல் வைத்திருக்க இன்னொரு காரணம் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள். மின்னூட்டத்தில் இயங்கும் சாதாரண கன்டென்ஸர் மைக்கில் டயாஃப்ரத்துக்கும் பின்தகட்டுக்கும் இடையே உள்ள மின்சுற்றின் எதிர்ப்பு ஜிகா ஓம் கணக்கில் இருக்கும். ஈரம் படிந்தால் மின்னூட்டம் அங்கங்கே கசியும், ஹெட்போனில் 'சடசட' என்று பொரியும். முன்பு என்னிடம் இருந்த ஒரு பழைய கன்டென்ஸர் ஓர் அடைமழை வாரத்தில் இப்படிப் பொரிந்து, கையில் இருந்த ஐவிஆர் (போனில் எண்ணை அழுத்தச் சொல்லும் குரல்) வேலை முழுவதையும் மறுபடி படிக்க வைத்தது. 416-இல் ஒலியைப் பிடிக்கும் பகுதியான கேப்ஸ்யூல் உயர் அதிர்வெண் ரேடியோ சுற்றில் இயங்குகிறது, எதிர்ப்பு குறைவு, ஈரம் அவ்வளவாகத் தீண்டாது. பனியிலும் மழையிலும் படப்பிடிப்புக்காரர்கள் இதை நம்புவது அதனால்தான். கடலோர ஊரில் வீட்டு ஸ்டுடியோ வைத்திருப்பவர் இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை யோசிக்கலாம். விலை என்னவோ என்டி1 போலச் சில மடங்கு.

என்டி1 இரவில் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு தூங்குகிறது. ஏசி ஓடிக் குளிர்ந்த அறையில் மைக்கை விட்டு, ஏசியை நிறுத்தியதும் ஜன்னலைத் திறப்பது கூடாது. ஈரக்காற்று குளிர்ந்த டயாஃப்ரத்தில் போய்ப் படியும். அக்னி நட்சத்திரத்தில் ஃபேனும் இல்லாமல் ஏசியும் இல்லாமல் உட்கார்ந்து 'சில்லென்ற குளிர்பானம்' என்று சொல்லும் கொடுமைக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

வந்து போனவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஎல்எம் 103-ஐ நண்பரிடம் வாங்கிச் சில மாதம் வைத்திருந்தேன். 1997-இல் வந்தது, அழகான ஒலி, மேலே ஒரு பளபளப்பு. நல்ல அறை இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். என் அறையில் அது என் குரலோடு மாடிப்படியில் ஏறுபவரின் செருப்பையும் சேர்த்துப் படம்பிடித்தது. ஷூர் எஸ்எம்7பி பாட்காஸ்ட் படங்களில் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் ஆசை வரும் மைக். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட டைனமிக் வகை, நாலு விரல் தூரத்தில் பேச வேண்டும், தூரத்துச் சத்தம் குறைவாக விழும். ஆனால் ஒரே அளவு சத்தத்துக்கு அதன் வெளியீடு 1.12 மில்லிவோல்ட், என்டி1-க்கு 35. சுமார் 30 டெசிபல் வித்தியாசம். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில், பழைய மூன்றாம் தலைமுறை ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 தருவது 56 டெசிபல் கெய்ன் (ஒலிப்பெருக்கம்), அது திணறும். நான்காம் தலைமுறை 69 தருகிறது, போதும். உரையாடலுக்கு அருமையான மைக். விளம்பரக் குரலுக்கு வேண்டிய மேல்பக்கத் திறப்பு அதில் எனக்குக் கிடைக்கவில்லை. யுஎஸ்பி மைக் பயிற்சிக்குச் சரி. ஐந்தாம் தலைமுறை என்டி1-இல் யுஎஸ்பி, ஸ்டுடியோ மைக்குகளின் எக்ஸ்எல்ஆர் இணைப்பு இரண்டும் இருப்பதால் புதிதாக வருபவர் அங்கேயே தொடங்கலாம்.

நீண்ட நாள் பயன்பாட்டில்தான் புரிந்த இன்னொன்று, மைக்கை மாற்றாமல் இருப்பதன் மதிப்பு. எட்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்வார்: விலை மாறியிருக்கும், கிளையின் பெயர் மாறியிருக்கும். பழைய பதிவுக்கு நடுவே புது வரி உட்கார்ந்ததே தெரியக்கூடாது. அதனால் ஒவ்வொரு வேலைக் கோப்பிலும் எந்த மைக், கெய்ன் எங்கே, எத்தனை சாண், எந்தக் கோணம் என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். தரையில் ஸ்டாண்டின் கால்கள் நிற்கும் இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறது. வீட்டைப் பெருக்கும் அம்மாவிடம் 'அதை மட்டும் உரிச்சிடாதீங்கம்மா' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. லேசான 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் ஹம் கேட்டால் மைக்கைச் சந்தேகிக்கும் முன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதி நேரம் வீட்டு எர்த்திங்தான் காரணம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது, அதுவும் ஸ்கொயர் வேவ் வகை என்றால், பதிவு செய்யவே வேண்டாம்.

416, எஸ்எம்7பி இரண்டுக்கும் போலிகள் தாராளமாக உலவுகின்றன. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் கன்டென்ஸர் வாங்கப் போனால் சொந்த இன்டர்ஃபேஸையும் ஹெட்போனையும் எடுத்துச் செல்லுங்கள். கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டம் பவர் போட்டு, கெய்னை ஏற்றி, ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் கேளுங்கள். அப்புறம் கிரில்லுக்கு அருகே வாயைத் திறந்து நாலைந்து முறை சூடான மூச்சை விட்டு, மறுபடி கேளுங்கள். பொரியும் சத்தம் வந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.