முள் கோத்தே வரும் ரப்பர் புழு: பாக்கெட்டைப் பிரித்ததும் போட்டுவிடாதீர்கள்

பாஸ் மீனுக்குத் தூண்டில் இரையாக ரப்பர் புழு போடுகிறவர்கள் பெரும்பாலும் தூண்டில் முள்ளைத் தனியாக வாங்கித் தாங்களே கோத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று முள்ளும் லீடர் என்கிற துண்டுத் தூண்டில் நரம்பும் கோத்தே பாக்கெட்டில் வரும் புழுவைக் கத்துக்குட்டிகளின் சாமான் என்று ஒதுக்குவார்கள். உண்மையில் மூத்தது இதுதான். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரனில் நிக் கிரீம் 1949-இல் வார்த்த பிளாஸ்டிக் புழு, முள்ளும் மணியும் குட்டிக் காற்றாடியும் கோத்த கோலத்தில்தான் விற்பனைக்கு வந்தது. ஒற்றை முள்ளின் முனையைப் புழுவுக்குள் புதைத்து இன்று எல்லோரும் கட்டும் டெக்சாஸ் ரிக் அதற்குப் பிறகு வந்தது.

இங்கே பார்ப்பது 6 அங்குல நேர்வால் புழு, மூன்று சின்ன முள், தலைக்கு வெளியே ஒரு சாண் நீளத்துக்கு மேல் நைலான் லீடர், அதன் முனையில் வளையம் என்று வரும் வகை. ரப்பர் என்பது பேச்சுவழக்குதான். பொருள் மென்மையாக்கிய பிவிசி.

வாங்கும்போது எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வளைவை. முட்கள் கோத்த நரம்பு புழுவின் உடம்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருப்பதால், புழு லேசாக வில் போல வளைந்து நிற்கும். மெல்லச் சுருட்டும்போது அது உருண்டு புரண்டு வருவது அந்த வளைவால்தான். இந்தச் சரக்கின் உயிர் அதில் இருக்கிறது, ஆனால் ஒரே பாக்கெட்டில் இருக்கும் இரண்டு புழுக்கள்கூட ஒரே மாதிரி வளைந்திருப்பதில்லை. வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். புரள்வதைக் கண்ணால் எண்ண முடிந்தால் சரி. பம்பரமாகச் சுற்றினால் வளைவு அதிகம்; குச்சி போல வந்தால் போதவில்லை. வால் முள்ளைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கை நரம்பின் மேல் மெல்ல நகர்த்தினால் இரண்டையும் சரிசெய்துவிடலாம். வாலை நோக்கித் தள்ளினால் முட்களுக்கு நடுவே சதை கூடி வளைவு கூடும், தலைப்பக்கம் நீவிவிட்டால் நிமிரும். சரியான இடம் கிடைத்ததும் தலையில் நரம்பு வெளிவரும் துளையில் ஒரு சொட்டு சூப்பர் குளூ. இதைச் செய்யாமல் போட்டால் நாலைந்து வீச்சிலேயே புழு சறுக்கி, முதல் முள்ளின் மேல் சுருங்கிய காலுறை மாதிரி குவிந்துவிடும்.

புரளும் புழு நரம்பை முறுக்காமல் விடாது. லீடர் வளையத்தை மெயின் நரம்பில் நேராகக் கட்டினால் அரை மணி நேரத்தில் ரீலிலிருந்து சுருள்சுருளாகக் கிளம்பும். நடுவில் ஸ்விவல் (முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு) கட்டாயம், அதுவும் பால் பேரிங் வைத்தது. சாதா பீப்பாய் ஸ்விவல் கனமான இழுப்பு இருந்தால்தான் ஒழுங்காகச் சுழலும். இந்தப் புழு இழுக்கும் இழுப்புக்கு அது அசையாது. ஸ்விவல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, பெரிய ஸ்விவலின் எடை புழுவின் தலையைக் கீழே அழுத்திவிடும்.

ராட் (தூண்டில் கழி) மீடியம் லைட் ஸ்பின்னிங், நரம்பு 6 அல்லது 8 பவுண்டு தாங்கும் நைலான். புழு லேசானது என்பதால் தடித்த நரம்பில் தூரம் போகாது. பிரெய்ட் என்கிற பின்னல் நரம்பு தூரம் போகும், ஆனால் அதற்கு நீட்சி இல்லை. மெல்லிய கம்பியில் செய்த இந்த முட்கள் ஒரு வெடுக்கில் நிமிர்ந்துவிடும், இல்லாவிட்டால் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஆறேழு அடி ஆழம் வரை ஈயமே வேண்டாம். அதற்கு மேல் போனால் ஸ்விவலுக்கு மேலே பிளந்த ஈயக்குண்டு ஒன்று, இரண்டு கிராமுக்குள், போதும். ஈயம் கூடக் கூடப் புழு தரையை உழும், தரையை உழுதால் திறந்த முள் மூன்றும் குப்பையை வாரும்.

சுருட்டுவதில்தான் பலருக்குப் பொறுமை போகிறது. ராட் நுனியைக் கொஞ்சம் உயர்த்தி, தூங்கி வழிகிற வேகத்தில் சுருட்ட வேண்டும். ராட்டை ஆட்டித் துள்ள விட வேண்டியதில்லை. புரளலே போதும், ஆட்டினால் அது நின்றுபோகும்.

கடி தெரிந்ததும் ஓங்கி இழுப்பது டெக்சாஸ் ரிக் பழக்கம். அங்கே முள்முனை பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருக்கும், அதைக் குத்தி வெளியே கொண்டுவர வேகம் தேவை. இங்கே முனைகள் வெளியேதான் நிற்கின்றன. ராட்டை மீனை நோக்கித் தாழ்த்தி, கனம் ஏறும்வரை சுருட்டிக்கொண்டே போய், பக்கவாட்டில் நீளமாக இழுத்தால் முள் தானாக ஏறும். டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) தளர்வாக இருக்கட்டும், நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். 'டொக்' என்று ஒரே கனமாக வந்தால் பெரும்பாலும் பாஸ். படபடவென்று கொத்தினால் புளூகில் போன்ற பொடிமீன் வாலைப் பிடுங்குகிறது, அதற்கு இழுத்துப் பயனில்லை. சும்மா வாலைக் கவ்வும் பாஸையும் பிடித்துத் தருவது கடைசி முள். ஒற்றை முள் கட்டில் தலைப்பக்கம் மட்டும் முள் இருப்பதால் அந்த மீன் தப்பிவிடும். மூன்று முள்ளுக்கு இதுதான் நியாயம்.

பாசிக்குள், மூழ்கிய மரக்கிளைக்குள் இதைப் போடாதீர்கள். கம்பிக் காப்பு வைத்த பாசி தாங்கும் ரகமும் வருகிறது. கம்பி விறைப்பாக இருந்தால் மீனையும் சேர்த்துத் தடுக்கும், தளர்வாக இருந்தால் பாசியையும் தடுக்காது. அடர்த்தியான இடத்துக்கு 3/0 வளைகழுத்து முள்ளில் கட்டிய டெக்சாஸ் ரிக்தான். இந்தப் புழுவின் இடம் தெளிந்த நீர், பாசியின் வெளி விளிம்பு, மணல்திட்டு, படகுத்துறையின் ஓரம்.

பாக்கெட்டோடு வரும் குறைகளில் முதலாவது மழுங்கல் முள். நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் அரத்தால் தீட்ட வேண்டும். அடுத்தது லீடர். முள்ளின் கழுத்தில் முடிச்சு உட்காரும் இடத்தில் நரம்பு நசுங்கி வெளுத்திருந்தால் அந்தப் புழுவை நம்ப வேண்டாம். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதே இடத்தை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. உப்புக் கலந்த பிளாஸ்டிக்கில் கோத்த முள், ஈரத்தோடு பையில் போட்டால் மறுநாளே துரு காட்டும். உப்பில்லாத ரகம் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் காயவைத்துத்தான் போட வேண்டும். டப்பாவில் மாற்றிவைக்கிற ஆசையும் ஆபத்து. சில கெட்டி பிளாஸ்டிக் டப்பாக்களை இந்தப் புழு உருக்கி ஒட்டிக்கொள்ளும், பல நிறங்களை ஒன்றாகப் போட்டால் சாயம் ஏறும். வந்த பையே பத்திரம். சுருண்டு கிடந்து கோணிப்போன புழுவைக் கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் முக்கி, நேராகக் கிடத்திக் குளிர்ந்த நீர் விட்டால் நிமிரும். அதன் பிறகு வில் வளைவை மறுபடி வைக்க வேண்டும்.

மீனைக் கழற்றும்போது ஒரு முள் அதன் வாயில், மற்ற இரண்டும் உங்கள் விரலைத் தேடிக்கொண்டு ஆடும். மூக்குக் குறடு இல்லாமல் கை வைக்காதீர்கள். மீனைத் திரும்ப விடுகிறவர்கள் மூன்றின் எதிர்முள்ளையும் முன்பே குறடால் நசுக்கிவிடலாம். நூல்வலைக் கரண்டியில் இந்த முட்கள் சிக்கினால் எடுப்பதற்குள் மீன் செத்துப்போகும், ரப்பர் பூசிய வலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தூண்டிலில் இத்தனை முள்தான் என்று வரம்பு வைத்த நீர்நிலைகளும் உண்டு, விதியைப் பார்த்துவிட்டுப் போடவும்.

கிழிந்த புழுவைத் தண்ணீரில் எறியாதீர்கள், விழுங்கிய மீனுக்கு அது செரிக்காது. முள்கோவை நன்றாக இருந்தால் வீணாக்கவும் வேண்டாம். முள் கோக்காத புதுப் புழு ஒன்றை வயிற்றுப் பக்கம் பாதி ஆழத்துக்கு பிளேடால் கீறி, கோவையை உள்ளே படுக்கவைத்து, முள்முனைகளை வெளியே விட்டு, கீறலை சூப்பர் குளூவால் ஒட்டி, வாளித் தண்ணீரில் இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.