33 இஞ்ச் கோடு: பல டிராஃப்ட் பார்த்த பிறகு

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் 2025 டிராஃப்ட்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) வில் கேம்ப்பெல்லை நியூ இங்கிலாந்து அணி 4ஆவது இடத்தில் எடுத்ததிலிருந்து ஒரே கேள்விதான் சுற்றி வருகிறது: டாக்கிள் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவன்) ஆட கை நீளம் 33 இஞ்ச் இருந்தே ஆகணுமா? போன வாரம் நண்பர் ஒருவரும் இதையே கேட்டார். காம்பைன் (டிராஃப்ட்டுக்கு முன் எல்லாரையும் ஒரே இடத்தில் சோதிப்பது), புரோ டே (அதையே கல்லூரியில் நடத்துவது), 40 கஜ ஓட்டம் எல்லாம் பலரும் பேசுவதுதான். அதனால் ஆஃபென்சிவ் லைன் (பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசை) பையன்களை எடைபோடும் கருவிகளில் எனக்கு அதிகமாக எரிச்சல் தருகிற இந்த இஞ்ச் டேப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் குறை அளவிலேயே இருக்கிறது. தோள்பட்டை எலும்பின் முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளக்கிறார்கள். பையன் தோளைச் சற்றுத் தளர்த்தி நின்றாலோ, அளப்பவர் எலும்பின் முனையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தொட்டாலோ கால் இஞ்ச் கூடும், குறையும். கேம்ப்பெல்லுக்குக் காம்பைனில் 32 5/8 வந்தது. கொஞ்ச நாளில் அவர் படித்த எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தின் புரோ டேயில் 33 வந்தது. கை வளரவில்லை. எட்டில் மூன்று பங்கு இஞ்ச்சை வைத்துக்கொண்டு ஒருவனை டாக்கிள் என்றும் கார்டு (டாக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவன்) என்றும் பிரிக்கிறோம். மளிகைக் கடைத் தராசுக்குக்கூட இதைவிடக் கண்டிப்பு உண்டு.

இரண்டாவது குறை, டேப் சொல்லாத ஒன்றை அது சொன்னதாக நினைத்துக்கொள்வது. 'கை குட்டை, அதனால் தோற்றான்' என்று குறித்துவைத்த ஸ்னாப்பை (பந்து ஒரு தடவை ஆட்டத்துக்கு வருவதை) எண்ட் ஸோன் கோணத்தில் (மைதானத்தின் முனையிலிருந்து எடுத்த வீடியோவில்) திரும்பப் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் கால் பிரச்சினையாகத்தான் இருக்கும். முதல் கிக் (பின்னோக்கி வைக்கும் அடி) ஆழமாகப் போகவில்லை, எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயும் எதிரணிக்காரன்) தோளுக்கு வெளியே வந்துவிட்டான், இவன் இடுப்பைத் திறந்து எட்டிப் பிடிக்கப் பார்க்கிறான். அந்த நிலையில் 35 இஞ்ச் கையும் எட்டாது. கால் பிந்தியதால் கை குட்டையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அதனால் நான் பார்க்கும் வரிசை இப்படி. நாலு ஆட்டம் எடுங்கள், அதில் நல்ல எட்ஜ் ரஷர் இருக்கும் ஆட்டம் குறைந்தது இரண்டு வேண்டும். தடுப்பவனை முழுசாகச் சோதிக்காத ஸ்கிரீன், ஆர்பிஓ, பிளே ஆக்‌ஷன், பந்து சட்டென்று கைவிட்டுப் போகும் பாஸ் எல்லாவற்றையும் கழியுங்கள். மூன்றாவது டவுன் (மூன்றாவது முயற்சி), 7 கஜத்துக்கு மேல் வேண்டிய ஸ்னாப்புகளை முதலில் பாருங்கள். ஆட்டத்துக்கு 70 ஸ்னாப் ஆடியவனுக்குக்கூட இப்படிக் கழித்தால் சில சமயம் பத்துப் பதினைந்துதான் மிஞ்சும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஓட்டுங்கள்: முதல் தடவை கால், அடுத்து கை, கடைசியில் தலையும் இடுப்பும். தோற்ற ஸ்னாப்புக்கு எதிரே ஒரே ஒரு காரணம் எழுதுங்கள்: கால், கை, கண், பலம். டாக்கிள் மேல் உள்ளே இருப்பவன் மோத, எட்ஜ் சுற்றிக்கொண்டு உள்ளே வரும் ஸ்டண்ட்டில் தடுமாறினால் அது 'கண்'. முட்டி மடங்காமல் இடுப்பு மடங்கி, புல் ரஷ்ஷில் (நேராக முட்டித் தள்ளும் பாய்ச்சலில்) மூன்று கஜம் பின்னால் தள்ளப்பட்டால் அது 'பலம்'. கால் சரி, நேரம் சரி, ஆனாலும் எதிராளி முதலில் நெஞ்சைத் தொட்டுவிட்டான் என்றால் மட்டும்தான் 'கை'.

இந்தக் கணக்கில் டேப் அடிக்கடி மண்ணைக் கவ்வும். ஜோ தாமஸுக்குக் கை 32 1/2 இஞ்ச்தான். 2007 டிராஃப்ட்டில் மூன்றாவதாகப் போனவர், இடது டாக்கிளில் தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப் ஆடி, 2023இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். ரஷான் ஸ்லேட்டருக்குச் சரியாக 33. 'இவன் கார்டு' என்று 2021இல் எத்தனை பேர் எழுதினார்கள்! சார்ஜர்ஸ் அணி அவரை இடது டாக்கிளிலேயே விட்டது, முதல் வருஷமே புரோ போல் (அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்). மறுபக்கம் கிரெக் ராபின்சன்: 35 இஞ்ச் கை, 40 கஜம் 4.92 விநாடி, 2014இல் இரண்டாவது இடம். ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஓட்ட ஆட்டத்திலேயே ஊறிய பையன். நேரடியாகப் பின்வாங்கிப் பாஸுக்குத் தடுத்த அனுபவம் குறைவு. ராம்ஸ் அணி மூன்று வருஷம் பொறுத்துவிட்டு, டிராஃப்ட்டின் ஆறாவது ரவுண்டில் ஒருவரை எடுக்கும் உரிமைக்கு மாற்றாக இன்னொரு அணிக்குத் தள்ளிவிட்டது. டேப்பும் ஸ்டாப்வாட்சும் பாராட்டிய ஆள்தான் அவர்.

திட்டுவதோடு நியாயமும் பேச வேண்டுமே. கை நீளம் வெறும் அலங்காரம் இல்லை. எட்ஜ் ரஷர் உடம்பைத் திருப்பி ஒற்றைக் கையை நெஞ்சில் நீட்டினால், இரண்டு கையும் நீட்டும் லைன்மேனைவிட அவனுக்கு எட்டும் தூரம் அதிகம். நீளக்கை ரஷர் எதிரே 32 இஞ்ச்சோடு நிற்பவன் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் பதில் வைத்திருக்க வேண்டும்: அந்தக் கையை மேலிருந்து தட்டி இழுப்பது, இல்லையென்றால் ஜம்ப் செட்டில் தூரத்தையே கொடுக்காமல் முன்னால் போய் முட்டுவது. முதலாவதில் நேரம் தப்பினால் சமநிலை போகும், இரண்டாவது தப்பினால் குவாட்டர்பேக் தரையில். உள்ளே கார்டாக நிறுத்தினால் இந்தத் தூரமே இல்லை. கல்லூரியில் டாக்கிளாக ஆடிய பீட்டர் ஸ்கோரோன்ஸ்கியை டைட்டன்ஸ் அணி உள்ளே நகர்த்தியதில் தப்பு சொல்ல முடியாது. ஜாக் மார்ட்டினும் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் டாக்கிள், டல்லஸ் அணியில் கார்டாக ஒன்பது புரோ போல்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, வயிற்றெரிச்சலோடு. ஆர்லாண்டோ பிரவுன் 2018 காம்பைனில் 40 கஜம் 5.85 விநாடி, 225 பவுண்ட் பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடை தூக்குவது) 14 தடவை. சிரித்தார்கள். மூன்றாவது ரவுண்டில் 83ஆவது ஆளாகப் போனார். பிறகு நாலு புரோ போல். அந்தக் காலோடு அவரைக் காப்பாற்றியது எது? 35 இஞ்ச் கையும் உடம்பின் அகலமும்தான். அவரைச் சுற்றிப் போகவே தனியாக நேரம் வேண்டும்.

ஆக, டேப்புக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அதிலும் ஒன்று, புரோ டேயில் மறுபடி அளந்தால் கூடிவிடும். தூக்கிப் போட்டுவிடுவீர்களா என்றால், மாட்டேன். வீடியோ பார்த்து முடிக்கும்வரை அந்த எண்ணை மறைத்து வைப்பேன், முடித்ததும் எடுப்பேன். 'கை' என்று நான் எழுதிய தோல்விகள் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். ஒத்துப்போகாவிட்டால் நான் வீடியோ பக்கம். இரண்டு பையன்கள் காலிலும் கண்ணிலும் சரிசமமாக நின்று, இடது டாக்கிள் இடம் ஒன்றுதான் காலி என்றால், 34 இஞ்ச்காரன்தான்.