கோவையில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் கவனத்துக்கு: புரோக்கர் "நான் பொறுப்பு" என்றால் நம்பாதீர்கள்

சரவணம்பட்டியில் எங்கள் மாடி வீட்டை ஒரு புரோக்கர் மூலம் விட்டோம். "ஐடி கம்பெனிப் பசங்கதானுங்கக்கா, நான் பொறுப்பு" என்று ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கினார். அக்ரிமெண்ட் பதிவு, ஸ்டேஷனில் வாடகைதாரர் விவரம் கொடுப்பது எல்லாம் அதிலேயே சேர்த்தி என்றார். இரண்டையும் செய்யவில்லை. அவர் தந்த ஆதார் ஜெராக்ஸில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு மை. ஒரிஜினலைப் பார்த்துவிட்டேன் என்று சாதித்தார்.

ராத்திரியில் பைக்கில் வருகிறவர்கள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மாடியேறி, உடனே இறங்கிப் போவார்கள். புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். "சாப்பாடு டெலிவரிங்கக்கா" என்று பதில், கூடவே ஒரு சிரிப்பு பொம்மை.

கடைசியில் போலீஸ் வந்தது. கட்டிலுக்கடியில் பிரவுன் டேப் சுற்றிய கஞ்சாப் பொட்டலங்கள், பக்கத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு.

விசாரணையில் அந்த வாட்ஸ்அப்பைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். "சந்தேகம் இருந்திருக்கு, புரோக்கர்கிட்டச் சொன்னீங்க, எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

வக்கீல் விளக்கியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி, தெரிந்தே வீட்டை இதற்கு விட்டால், குற்றம் செய்தவனுக்கு என்ன தண்டனையோ அதேதான் உரிமையாளருக்கும். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 வருடம், ஒரு லட்சம் அபராதம். ஜாமீனும் லேசில் கிடைக்காது. வாடகைக்கு விட்டதாலேயே யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை, நடப்பது நமக்குத் தெரிந்திருந்தால்தான் குற்றம். ஆனால் அடிப்படை விவரங்களை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், அந்த 'தெரிந்திருந்தது' என்பதைக் கோர்ட் அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 35ஆவது பிரிவு. தெரியாது என்று நிரூபிப்பது அப்புறம் நம் தலையில்.

என்னைச் சாட்சியாகச் சேர்த்ததோடு விட்டார்கள். எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

அக்ரிமெண்டை நீங்களே எழுதிப் பதிவு செய்யுங்கள். 2017ஆம் வருடத்து வாடகைச் சட்டமே அதைத்தான் கேட்கிறது. ஒரிஜினல் ஆதாரைக் கையில் வாங்கிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். புரோக்கருக்கு அனுப்பும் மெசேஜ் புகார் ஆகாது. நமக்கு எதிராகத்தான் திரும்பும்.

கமிஷனைத் திருப்பிக் கேட்டால் அந்த ஆள் போனை எடுப்பதில்லை. காளப்பட்டிப் பக்கம் இப்போதும் வீடு காட்டிக்கொண்டுதான் இருக்கிறாராம்.