ஒன்ராறியோ ஜீ1 எழுத்துத் தேர்வு: கைநூலா, மாதிரி வினாக்களா, தமிழா, ஆங்கிலமா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாகனம் ஓட்டப் பழகத் தொடங்குமுன் எழுதவேண்டிய ஜீ1 தேர்வில் 40 வினாக்கள் உள்ளன. வீதி விதிகளுக்கு 20, வீதிக் குறியீடுகளுக்கு 20 என்று அவை பிரிந்திருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே குறைந்தது 16 வினாக்களுக்குச் சரியாக விடையளிக்க வேண்டும். விதிகளில் இருபதும் சரியாக எழுதியவர் குறியீடுகளில் 15 மட்டுமே பெற்றால், மொத்தம் 35 எடுத்தும் தேர்ச்சியடைய மாட்டார். ஒரு பகுதியை மட்டும் நன்றாகப் படித்து மற்றதைச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் இங்கே பலிக்காது.

படிப்பதற்கு நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளை நாடுகிறார்கள். ஒன்று, மாகாண அரசின் அதிகாரபூர்வ சாரதிக் கைநூல். அதை இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். மற்றது, கைபேசிச் செயலிகளிலும் கைமாறி வரும் பிரதிகளிலும் கிடைக்கும் மாதிரி வினாக்கள். இரண்டாவது வழி விரைவானது, வேலைக்குப் போய்வருபவர்களுக்கு வசதியானது. அதன் குறையை நான் என் சித்தியிடம் கண்டேன். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டிய அவர், ஸ்காபரோவுக்கு வந்தபின் யாரோ கொடுத்த தமிழ் வினாத்தாள் பிரதியொன்றை இரவிரவாகப் பாடமாக்கியிருந்தார். சமையலறை மேசையில் இருந்தபடி, "மினுங்கும் பச்சை விளக்கு எதைக் குறிக்கும்?" என்று கேட்டேன். "இரண்டாவது விடை" என்றார். அந்த இரண்டாவது விடை என்னவென்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. அவருடைய மனத்தில் பதிந்திருந்தது விடையின் இடம்தான். விடைகளின் வரிசை மாறினால் அது உதவாது.

அந்த விளக்கின் பொருளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எதிரே வருபவர்களுக்கு இன்னும் சிவப்பு விளக்கு எரிவதால், நீங்கள் இடப்புறம் திரும்பலாம் என்பதே ஒன்ராறியோவில் அதன் பொருள். பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ அதே மினுங்கும் பச்சை, பாதசாரிகள் பொத்தானை அழுத்தி இயக்கும் சந்தியைக் குறிக்கும். அங்கே எதிர்த்திசையில் வருபவர்களுக்கும் பச்சைதான். எந்த மாகாணத்துக்குரியது என்று பார்க்காமல் ஒரு செயலியில் பயிலுபவர், வீதியில் உயிருக்கே ஆபத்தான ஒரு விடையை மனனம் செய்யக்கூடும். மாதிரி வினாக்களில் எனக்குள்ள பெரிய அச்சம் இதுதான்.

கைநூல் நீண்டது, ஆங்கிலத்தில் உள்ளது, முதல் வாசிப்பில் சலிப்பூட்டக்கூடியது. ஆயினும் காரணம் அதில்தான் கிடைக்கிறது. சிவப்பு விளக்குகள் மினுங்க நிற்கும் பாடசாலைப் பேருந்தைக் கண்டால், நடுத்திட்டு இல்லாத வீதியில் இரு திசையினரும் நிற்கவேண்டும். இறங்கும் பிள்ளை வீதியைக் கடந்து மறுபக்கம் போகலாம் என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டவருக்கு, வினாவை எப்படி மாற்றிக் கேட்டாலும் விடை தவறாது. குறியீடுகளுக்கும் இது பொருந்தும். இலங்கையில் நீல வட்டத்துக்குப் பழகிய கண்ணுக்கு இங்குள்ள பச்சை வட்டம் புதிது. வட்டத்துக்குள் காட்டப்படும் செயல் அனுமதிக்கப்பட்டது என்பதை அது சொல்கிறது. சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் தடையைச் சொல்கின்றன. இந்த அடிப்படை பிடிபட்டால், ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே பாடமாக்கத் தேவையில்லை. ஆகவே கைநூலை முதலில் இரண்டு வாரம், வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளையொருவரின் துணையுடனாவது வாசித்து முடித்துவிட்டு, மாதிரி வினாக்களைக் கடைசி மூன்று நான்கு நாட்களுக்கு ஒதுக்குவதே நல்லது என்பது என் முடிவு.

தேர்வு மொழியைப் பொறுத்தவரை, தமிழிலும் எழுதலாம் என்பது நமக்கு வாய்த்த பெரிய வசதி. ஆங்கில வாசிப்பில் தடுமாறுபவர்கள் தயங்காமல் தமிழைத் தெரிவு செய்யட்டும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆங்கிலத்தில் ஓரளவு பழக்கமுள்ள இளையோருக்கு மட்டும் நான் ஆங்கிலத்தைப் பரிந்துரைப்பேன், ஏனெனில் ரொறன்ரோ வீதிகளில் "நோ ரைட் ரேர்ன் ஒன் ரெட்" (சிவப்பு விளக்கில் வலப்புறம் திரும்பக்கூடாது) போன்ற சொற்பலகைகளைச் சந்தியை நெருங்கும் சில விநாடிகளுக்குள் வாசித்தாக வேண்டும். சித்தி தமிழிலேயே எழுதித் தேறினார். அத்துடன் அத்தகைய சொற்பலகைகளை ஒரு கொப்பியில் ஆங்கிலத்திலேயே எழுதி, பக்கத்தில் தமிழ்ப் பொருளைக் குறித்துவைத்து, நான் அவரை ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் வீதியில் கண்ட பலகையைக் கொப்பியில் தேடிப் பார்த்துக்கொண்டே வந்தார்.