செம்புறாங்கல் நிலத்துக்குக் கை ஆகர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

புதுக்கோட்டை வட்டாரத்தில் வீட்டுத் தோட்டங்களும் வேலிகளும் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற வைகாசியில் பெட்ரோலில் ஓடும் கை ஆகர், அதாவது கையில் பிடித்துக் குழி தோண்டும் இயந்திரம் ஒன்றை 16,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பணம் போனது, மூன்று வாரம் வேலை நின்றது, என்னிடம் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒரு தம்பியின் மணிக்கட்டு எலும்பு விரிசல் கண்டது. பணத்தை விடுங்கள், அந்தக் கைக்காகத்தான் இதை எழுதுகிறேன். இயந்திரம் வாங்கிய கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை. இதே மாதிரி விற்பனை பல ஊர்களில் நடக்கிறது என்பதால், எப்படி ஏமாந்தேன் என்பது தெரிந்தாலே போதும்.

அறந்தாங்கிச் சாலையில் ஓர் ஏக்கர் மனை. அதில் அறுபது கல்தூண்கள் ஊன்றவும் தொண்ணூறு மரக்கன்றுகள் நடவும் ஒப்புக்கொண்டிருந்தேன். மேலே அரையடி செம்மண், அதன் கீழே சரளை, ஓரடிக்கு மேல் போனால் செம்புறாங்கல். இந்தக் கல்லின் குணம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஈரமாகப் புதிதாக வெட்டும்போது ஓரளவு வெட்டுப்படும், காற்றும் வெயிலும் பட்டுக் காய்ந்துவிட்டால் இறுகிப் பாறையாகிவிடும். கடப்பாரையும் பிக்காசும் வைத்து இரண்டு பேர் நாள் முழுவதும் பாடுபட்டால் பத்துப் பன்னிரண்டு குழிதான் தேறும். அதனால்தான் இயந்திரம் தேடித் திருச்சிக்குப் போனேன்.

நான் பார்த்த கடையில் எனக்குக் காட்டியது 63 சிசி, 3.5 எச்.பி. என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய இயந்திரம். நிலம் செம்புறாங்கல் என்பதை நான் இரண்டு முறை சொன்னேன். "கருங்கல்லைத் தவிர எதுவா இருந்தாலும் இறங்கிடும் சார், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்று பதில் வந்தது. கடைக்குப் பின்புறம் கொண்டுபோய், தண்ணீர் தேங்கி ஊறியிருந்த மண்ணில் எட்டு அங்குல பிட்டை (மண்ணுக்குள் இறங்கும் திருகு) மாட்டி, அரை நிமிடத்தில் ஒரு குழி போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்து நான் மயங்கியிருக்கக் கூடாது. ஊறிய மண்ணில் எந்த ஆகரும் இறங்கும். தவிர, எனக்குத் தேவை பன்னிரண்டு அங்குலக் குழி. எட்டு அங்குலத்தோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு அங்குலக் குழியின் பரப்பு இரண்டேகால் மடங்கு. வெட்ட வேண்டிய மண் அத்தனை மடங்கு கூடுவதோடு, வெட்டும் விளிம்பு மையத்திலிருந்து தள்ளிப் போவதால் எஞ்சினுக்கு ஏறும் பாரம் அதைவிடவும் அதிகம்.

முதல் நாள் காலையில் முதல் குழி ஓரடி வரை தடையில்லாமல் இறங்கியது. அதற்குப் பிறகு பிட் சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் இறங்கவில்லை. குழிக்குள்ளிருந்து மண் கட்டியாக வராமல் மஞ்சள்தூள் போல நைசான சிவப்புப் பொடி மட்டும் எழுந்தது. தூக்கிப் பார்த்தபோது பிட்டின் கீழ்ப் பற்கள் இரண்டும் பெயிண்ட் எல்லாம் போய், வெள்ளிபோல மினுங்கி, ஆற்றுக் கூழாங்கல்லைப் போல முனை உருண்டிருந்தன. விரலை வைத்தால் சுட்டது. எளிதில் தேயாத கார்பைடு முனை வைத்த பல் என்று சொல்லி விற்றது வெறும் இரும்புத் தகடு. நான்காவது குழியில் பல்லின் விளிம்பு ஒரு கல்லில் மாட்டி பிட் சட்டென்று நின்றது. பிட் நின்றாலும் எஞ்சின் நிற்கவில்லை. அடியில் சுழல முடியாத விசை அப்படியே கைப்பிடிக்குத் திரும்பியது. பிடித்திருந்த தம்பி இடப்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டு, கையை ஊன்றி விழுந்தார். "அண்ணே, கை மடங்கிருச்சு" என்று அவர் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருவர் பிடிக்கும் ஆகரில் அந்த விசையைத் தாங்குவதற்கு மனிதனின் கையைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதைக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு அங்குல பிட்டை விற்கும்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

அவரை மருத்துவமனையில் காட்டி மாவுக்கட்டுப் போட்டுவிட்டு வந்து, மறுநாள் நானே பிடித்து இயக்கினேன். ஏழாவது குழியில் கியர் பெட்டியில் கடகடவென்ற சத்தம் வந்து பிட் நின்றுபோனது. வாரண்டி ஆறு மாதம் என்று பில்லில் எழுதியிருந்ததால் இயந்திரத்தோடு திரும்பவும் திருச்சிக்குப் போனேன். பெட்ரோலோடு சேர்க்கும் டூ-டி ஆயிலைத் தவறான அளவில் கலந்திருக்கிறீர்கள், அதனால் வாரண்டி செல்லாது என்றார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, அதாவது 25-க்கு 1 என்ற கணக்கை பில்லின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்ததே அவர்கள்தான். அதைக் காட்டியதும் பேச்சு மாறியது. கியரும் பல்லும் தேய்மானப் பொருள்கள், அவற்றுக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். ஆயில் கலவைக்கும் கியர் பெட்டிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது சிறு எஞ்சின் வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். கியர் பெட்டிக்குத் தனியாகக் கிரீஸ்தான் போகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. சிலிண்டரின் விட்டத்தை அளந்தார், 44 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 34 மில்லிமீட்டர். இவற்றிலிருந்து சிலிண்டரின் கொள்ளளவைக் கணக்கிட்டால் 51.7 சிசி. சந்தையில் 52 சிசி என்று விலை குறைவாகக் கிடைக்கும் அதே எஞ்சினுக்கு 63 என்று ஸ்டிக்கர் ஒட்டி 5,000 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். ஸ்டிக்கரில் இருக்கும் எச்.பி.யையும் நம்ப வேண்டாம். ஒரு எச்.பி. என்பது 746 வாட். எஞ்சினோடு வரும் கையேட்டில் கிலோவாட் கணக்கு இருந்தால் அதை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கையேடே தரவில்லை என்றால் அந்தக் கடையில் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

என் நிலத்துக்கு ஏற்ற கருவி எது என்பதை இத்தனைக்கும் பிறகுதான் ஒழுங்காக விசாரித்தேன். ஆகர் என்பது மண்ணைச் சீவி மேலே தள்ளும் கருவி, உடைக்கும் கருவி அல்ல. சீவ முடியாத இடத்தில் அது தேய்க்கத்தான் செய்யும். செம்புறாங்கல்லுக்கும் சுக்கான் பாறைக்கும் வேண்டியது அடித்து உடைக்கும் கருவி, அதாவது பிரேக்கர். பதினைந்து கிலோ எடையுள்ள மின்சாரப் பிரேக்கர்கள் 1,500 வாட்டை ஒட்டி வருகின்றன. ஆனால் அதை வாங்கும்போது வாட்டைவிட ஒரு அடியின் வலிமையைச் சொல்லும் ஜூல் கணக்கையே கேட்க வேண்டும். அது சுழல்வதில்லை என்பதால் கையை முறுக்குவதும் இல்லை. நிலத்தில் மின் இணைப்பு இல்லாவிட்டால், அதைத் தாங்கும் ஜெனரேட்டரின் வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழிகள் நிறைய இருந்தால் டிராக்டரின் பி.டி.ஓ.வில், அதாவது எஞ்சினின் சுழற்சியை வெளிக் கருவிக்குக் கொடுக்கும் தண்டில், மாட்டும் ஆகர்தான் சரி. அங்கே திருகும் விசையை டிராக்டரின் எடை தாங்குகிறது. பிட் கல்லில் மாட்டினால் கியரைக் காப்பாற்ற ஒரு போல்ட் முதலில் முறிந்துவிடும்படி அதில் அமைத்திருப்பார்கள். டிராக்டர் ஆகரை மணிக்கணக்கிலும் பிரேக்கரை நாள் கணக்கிலும் வாடகைக்கு எடுத்து, முந்திய மாலையே குழி போடும் இடங்களில் தண்ணீர் கட்டி ஊறவைத்து, மேல் மண்ணை டிராக்டரிலும் அடிக்கல்லைப் பிரேக்கரிலும் எடுத்தேன். மீதிக் குழிகள் முழுவதும் ஆறு நாளில் முடிந்தன. மொத்த வாடகை, அந்த ஆகர் வாங்கிய விலையைவிடக் குறைவு.

மரக்கன்றுக்காகக் குழி போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆகர் சுழன்ற குழியின் சுவர் பானையின் உட்புறம் போல மழமழவென்று இறுகிவிடும். வேர் அதைத் துளைக்க முடியாமல் உள்ளேயே சுற்றும், தண்ணீரும் இறங்காது. நடுவதற்கு முன் கடப்பாரையால் சுவரைச் சுற்றிலும் கீறிவிடுங்கள்.

இனி வாங்குகிறவர்கள், டெமோவை உங்கள் நிலத்தில், நீங்கள் போடப் போகும் அளவு பிட்டை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். வர மறுத்தால் வாங்காதீர்கள். எஞ்சினின் சிசி, பல்லின் வகை, எந்த நிலத்துக்கு விற்றார்கள் என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது பில்லில் இருந்த "63 சிசி" என்ற எழுத்துதான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் கொடுத்தேன். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே ஆகமாட்டார் என்று கடைத் தரப்பில் வாதாடினார்கள். தன் உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கும் பொருளை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, உடைந்த கியரையும் மெக்கானிக் எழுதிக் கொடுத்த அளவையும் வைத்த பிறகு, 11,000 ரூபாய் திருப்பித் தர ஒத்துக்கொண்டார்கள். அதில் தம்பியின் மருத்துவச் செலவு போக மீதியை, அவர் வேலைக்கு வர முடியாத நாள்களின் கூலியாக அவரிடமே கொடுத்தேன்.

பணம் வாங்கப் போன அன்று, அதே கடையின் முகப்பில் அதே இயந்திரங்கள் நான்கு நின்றன. நான்கிலும் 63 சிசி என்ற அதே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.